டைப்பிஸ்ட் அக்காவின் பழைய கம்ப்யூட்டர்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஆபீஸ் ஃபைல்களை எல்லாம் புதிதாக வந்த ஒரே சர்வருக்கு மாற்றிவிட்டோம். டைப்பிஸ்ட் அக்காவின் பழைய கம்ப்யூட்டர் மட்டும் அதோடு சேரவே இல்லை. "தூக்கிப் போடு" என்றார் மேனேஜர். அக்காவுக்குப் பார்வை மங்கல். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் சாஃப்ட்வேர் அந்தப் பெட்டியில்தான் ஓடும். அது போனால் அவர் வேலையும் போய்விடும்.

நானும் விடவில்லை. இரண்டையும் பேசவைக்கும் பழைய நெட்வொர்க் சாஃப்ட்வேர் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டேன். மேஜைக்கடியில் கேபிளைச் செருகிக்கொண்டிருந்தபோது, "தம்பி, ஃபைல் தெரியுதுப்பா!" என்று அக்கா கத்தினார். சந்தோஷத்தில் சட்டென்று எழுந்தேன். மேஜை விளிம்பு மண்டையைப் பதம் பார்த்துவிட்டது. இரண்டே தையல்தான், பயப்படாதே.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "உங்களுக்கு இங்க யாரு இருக்கா?" என்று கேட்டார். அக்கா என் கையை விடாமல், "நான் இருக்கேன், கூடப் பிறந்தவ" என்றார். ஊசிக்கு அழாதவன் அதற்கு அழுதுவிட்டேன்.

அப்புறம், தலையணை உறை இரண்டு தைத்து அனுப்பு. இங்கே கடையில் கிடைக்கும்தான், இருந்தாலும் நீயே தைத்து அனுப்பு. உன் குரலையும் போனில் பதிவு பண்ணி அனுப்பும்மா. என்ன பேசுவதென்று யோசிக்காதே, திட்டினாலும் சரி.

ஆபீஸ் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன். மண்டையில் தையல் போட்ட விஷயம் அப்பாவுக்குத் தெரியவேண்டாம்.

உன் மகன்