நல்ல தண்ணீர்க் குப்பி

என் மேசைமேல் இரண்டு குப்பிகள் நிற்கின்றன. இரண்டும் கறுத்துவிட்டன. மூடியை இறுக்கித் திருகிய பிறகும் அழுகிய முட்டை நாற்றம் அறையை விட்டுப் போகவில்லை. ஒன்றில் இருப்பது வாய்க்கால் தண்ணீர். அது கறுக்க வேண்டியதுதான். மற்றொன்றில் இருப்பது உன் கிணற்றுத் தண்ணீர்.

நீ கண்ணை மூடியபின் வார்டுப் பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று பஞ்சாயத்து மெம்பர் என் வாசலில் வந்து நின்றார். கல்லூரியில் வேதியியல் நடத்துகிற என்னை, நீ இருந்தவரை ஒரு வகுப்புக்கும் அவர்கள் கூப்பிட்டதில்லை. உனக்குப் பொன்னாடை போர்த்திய அன்று எனக்கு ஒரு நாற்காலிகூடப் போடவில்லை. அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் போனேன், உன் வகுப்பு என்பதால்.

உன் வகுப்பின் உயிரே அந்த இரண்டு குப்பிகள்தாம். மருந்துத் தாள் போட்ட குப்பியில் தண்ணீரை நிரப்பி மூடி வைத்தால், மலக்கிருமி கலந்த தண்ணீர் ஓரிரு நாளில் கறுத்துப்போகும். கெட்ட தண்ணீருக்கு வாய்க்கால். நல்ல தண்ணீருக்கு எப்போதும் உன் வீட்டுக் கிணறு. அடுத்த வகுப்பில் கறுத்ததையும் தெளிந்ததையும் இரு கைகளில் தூக்கிப் பிடிப்பாய். "பாத்துக்கங்க அம்மிணிகளா, இந்த மாதிரித் தண்ணி கஞ்சிக்கோட்டுல எவன் ஊட்லயும் கெடையாது." பின்வரிசையில் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்திருக்கும் என் பக்கம் திரும்புவாய். "ஏனுங் மாஷே, உங்க பொஸ்தகத்துல இருக்குதுங்களா இந்தத் தண்ணி?" எல்லோரும் சிரிப்பார்கள். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், ஊர் முன்னால் மட்டும் வாத்தியாருக்குரிய 'மாஷ்' மரியாதை கொடுத்துக் குத்துவாய்.

இம்முறை உன் கிணற்றில் நானே கயிறு இழுத்து, நேராகக் குப்பியில் ஊற்றினேன். நேற்று வகுப்பில் பெட்டியைத் திறந்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"மாஷே, ரெண்டுமே கன்னங்கரேல்னு இருக்குதுங்க. வாய்க்காத் தண்ணியவே ரெண்டுலயும் ஊத்திப்போட்டீங்களாட்ட இருக்குது!"

என் கை தவறாது என்பது எனக்குத் தெரியும். வகுப்பை அத்தோடு முடித்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி அடுக்களையில் இருந்தாள்.

"அம்மிணி, அவன் வகுப்புக்குத் தண்ணி எப்படி எடுத்துட்டுப் போவான்?"

"அவரெங்கீங்ணா எடுத்தாரு? காலைல 'தண்ணி குடு'ம்பாரு. நாந்தான் கேன்ல ஊத்தித் தருவேன்."

"கிணத்துல இருந்து நேராவா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. நாலு பேரு கூடற எடத்துக்குப் பச்சத்தண்ணியக் குடுத்து உடுவாங்களாக்கும்? கொதிக்க வெச்சு ஆத்தித்தானுங்க குடுத்தேன். சீரகம் போட்டா நெறம் மாறீருமேன்னு அது மட்டும் போடலீங்க."

கொதித்த தண்ணீர் எந்தக் குப்பியிலும் கறுக்காது.

வருகிறவர்களுக்குக் கொதித்த தண்ணீர். வீட்டுக்காரர்களுக்குக் கிணற்றிலிருந்து அப்படியே. நம் பக்கத்து வீடுகளில் இது வழக்கம்தானே? நீயோ தோட்டத்திலிருந்து வந்ததும் வாளியைத் தூக்கி அப்படியே வாயில் கவிழ்த்துக்கொள்வாய். "கொதிக்க வெச்சாத் தண்ணி செத்துப்போயிரும்டா" என்பாய். "மொண்டது யாரு, எப்படி மொண்டாங்கன்னு கேக்காமக் குப்பிய மூடாதீங்க" என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், உன் வீட்டு அடுக்களையில் ஒரு நாளாவது கேட்டாயா?

கடைசியாக மஞ்சள்காமாலையில் படுத்தபோது, உன் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் குடித்த சர்பத்துதான் காரணம் என்று நீயே சொன்னாய். நான் நம்பினேன். உன் காரியத்தன்று அந்த மனிதர் நீட்டிய கையை நான் தொடவில்லை. இன்றுவரை அவர் தெருப்பக்கம் போகவில்லை. இப்போது கறுத்த ஒரு குப்பியை வைத்து, காமாலை அங்கிருந்து வந்ததா இங்கிருந்து வந்ததா என்று சாதிக்க முடியாது. அந்த அளவு படிப்பு எனக்கு உண்டு. ஆனால் அவரை வெறுக்க நேற்றிலிருந்து முடியவில்லை. வேறு யாரை வெறுப்பது? வகுப்புக்குப் போகும் தண்ணீர் கௌரவமாக இருக்கட்டும் என்று விடியலில் அடுப்பு மூட்டியவளையா?

நேற்று நான் அங்கே நிற்கையிலேயே உன் மகள் கல்லூரியிலிருந்து வந்தாள். பையைப் போட்டுவிட்டுக் குடத்தில் மொண்டு, சொம்பை வாயருகே கொண்டுபோனாள். "குடிக்காதே!" என்று கத்திவிட்டேன். இருவரும் திகைத்துப் போனார்கள்.

"என்னங்ணா, தண்ணீல ஏதாச்சுங்களா? அவரு இருக்கறப்ப நல்லாத்தானுங்களே இருந்துச்சு?"

மனதில் பட்டதைச் சொல்லாமல் விட்டவன் இல்லை நான். அதற்காக எத்தனை பேரை இழந்தேன் என்று உனக்குத் தெரியும். சொம்பை அந்தப் பெண்ணின் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"இந்த மழைக்குத்தான் கெட்டுப்போச்சு அம்மிணி. கிணத்தைச் சுத்தம் பண்ண நான் ஆள் அனுப்பறேன். அதுக்கப்புறமும் உங்களுக்குன்னு கொதிக்க வெச்சே குடிங்க."

உன் மனைவி பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள்.

அடுத்த வகுப்புக்கும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். பெண்கள் அவரவர் வீட்டுத் தண்ணீரோடு வருவார்கள். குப்பியைத் திறக்குமுன் ஒவ்வொருத்தியிடமும் கேட்கப்போகிறேன்: "இது நீங்க குடிக்கற தண்ணியா, வர்றவங்களுக்கு வெக்கற தண்ணியா?" ஏன் மாஷே இப்படிக் கேக்கறீங்க என்று நிச்சயம் கேட்பார்கள். அந்தப் பதிலை மட்டும் நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை.