வாடை நீர்

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் களப்பயிற்சித் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நாம் நிரப்பிய அதே தாள்தான். பதினைந்து வருடமாகியும் அதில் ஒரு கோடுகூட மாறவில்லை. மேலே இடமும் நேரமும், நடுவில் காற்றின் திசை, அதற்குக் கீழே நீரோட்டத்தின் திசை. ஒரு தாளில் காற்றுக்கு வடக்கு, நீரோட்டத்துக்கும் வடக்கு என்று இருந்தது. தாள் ஆங்கிலத்தில்தான், உனக்காகத் தமிழில் சொல்கிறேன். சிவப்புப் பேனையை அந்தக் கட்டத்தின் மேல் வைத்தேன். கோடு போடக் கை வரவில்லை.

நீ எழுதியதும் அதுதான்.

கடலியல் அறிமுகப் பாடத்தில் நம் இரண்டு பேரையும் ஒரே குழுவில் போட்டார்கள். நான் நற்பிட்டிமுனை, வயல்காரர் வீட்டுப் பிள்ளை. கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தும் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. நீ சாய்ந்தமருது, உன் வாப்பா தோணிக்காரர். நான் அந்தப் பாடத்தை எடுத்த காரணத்தைச் சொல்லவே வெட்கம்: அதை எடுத்தால் வெள்ளிக்கிழமை வகுப்பில்லை. உன் காரணத்தை நீ முதல் கிழமையே சிற்றுண்டிச்சாலையில் சொன்னாய். சொல்லும்போது றோல்ஸைத் தின்றுகொண்டே சொன்னாய், அதனால் எனக்கு அது பாரமாகத் தெரியவில்லை.

"சின்னதில கடல் வந்து எங்கட தங்கச்சியக் கொண்டு போயிட்டு. அது எங்க இருந்து வந்த எண்டு உம்மா இன்னமும் கேக்கிற. ஊட்ட ஒருத்தருக்கும் ஒழுங்காச் சொல்லத் தெரியா. நான் படிச்சுப்போட்டுச் சொல்லப் போறன்."

கடலைப் படிக்கப் போகிறேன் என்றதும் உன் உம்மா மூன்று நாள் உன்னோடு கதைக்கவில்லை என்றும் சொன்னாய். நான்காம் நாள் தானாகவே சோறு போட்டுத் தந்தாராம்.

குரும்பை நாள் நினைவிருக்கிறதா? நீரோட்டத்தை அளக்க மிதவை வேண்டும், பல்கலைக்கழகத்தில் மிதவை இல்லை. நீதான் தென்னங்குரும்பைக்குச் செம்மஞ்சள் பூச்சு அடிக்கலாம் என்றாய். பூச்சு நம் அபாயாக்களிலும் பட்டது. உன் வாப்பா அவற்றைத் தோணியில் ஏற்றி, அலை உடையும் இடத்துக்கு அப்பால் ஒவ்வொன்றாகப் போட்டார். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர், "என்ன புள்ளயள், கடலுக்குக் குரும்பை விக்கிறீங்களா?" என்று கேட்டார். "ஓம் காக்கா, கடனுக்கு" என்றாய் நீ. குரும்பைகள் காரைதீவுப் பக்கமாக, தெற்கே போயின. நாமும் மணலில் கொடி நட்டு, நேரம் பார்த்து, அவற்றுக்குப் பின்னால் நடந்தோம். எனக்கு மூச்சு வாங்கியது. நீ அடிக்கொரு தரம் நின்று எனக்காகக் காத்திருந்தாய்.

கொடிக்கம்பின் அடியில் குந்தியிருந்து தாளை நிரப்பும்போதுதான் அந்தக் கதை வந்தது.

"இது வாடை நீர்கா" என்றாய். "வடக்கால இருந்து வாற."

"புத்தகத்தில நீரோட்டத்துக்குப் போற பக்கத்தத்தான் எழுதணுமாம்."

"வாடைக் காத்து எண்டா வடக்கால இருந்து வாற காத்துத்தானே. தண்ணிக்கு மட்டும் என்ன வேற சட்டம்? எங்கட வாப்பாக்கள் வாற பக்கத்தத்தான் சொல்ற. போறத்தப் பாத்து என்ன செய்ற புள்ள? வாறத்தத்தான் பாக்கணும்."

நான் வாதாடவில்லை. எங்கள் பக்கத்தில் வாய்க்கால் தண்ணீர் யாருடைய வயலுக்குப் போகிறது என்பதில்தான் சண்டையே வரும், எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆகவே புத்தகத்தின் சட்டம் எனக்கு இலேசாக விளங்கியது. உங்கள் சட்டமும் அன்று அந்த மணலில் விளங்கியது. நீ வடக்கு என்று எழுதினாய். நான் கீழே கையொப்பம் வைத்தேன். தெரிந்துதான் வைத்தேன்.

அடுத்த வகுப்பில் விரிவுரையாளர் நம் தாளைத் தூக்கிப் பிடித்தார். வெளியூரிலிருந்து வந்து போகிறவர், கெட்ட மனிதர் அல்ல, பகிடி விட விருப்பம். யார் நிரப்பியது என்று கேட்டார். நீ எழுந்தாய்.

"கடற்கரைப் பிள்ளை எல்லோ நீர்? உங்கட ஊர்க் கடல் மட்டும் பின்பக்கமா ஓடுதோ?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். நான் எழுந்து இரண்டு வசனம் சொல்லியிருந்தால் போதும்: குரும்பை தெற்கேதான் போனது சேர், இவள் எழுதியது வந்த பக்கம், அவர்களுடைய ஊரில் நீருக்கு அப்படித்தான் பெயர். எல்லாம் வாய்க்குள் இருந்தது. நான் குனிந்து கொப்பியில் திகதி எழுதினேன். ஏற்கனவே எழுதியிருந்த திகதிக்குப் பக்கத்திலேயே மறுபடியும் எழுதினேன்.

இரண்டாம் வருடம் நீ இரசாயனவியலுக்கு மாறிவிட்டாய். கேட்டவர்களுக்கெல்லாம் கடல் பாடத்துக்கு வேலை கிடைக்காது என்று சொன்னாய். எனக்கும் அதையே சொன்னாய். அதை நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன், அது எனக்கு வசதியாக இருந்தது. நீ ஊர்ப் பாடசாலையில் இரசாயனம் படிப்பித்தாய். நான் அதே துறையில் நின்று, படித்து, கடைசியில் அதே வகுப்பறையில் அதே மேசைக்குப் பின்னால் வந்து நின்றேன். வேலை கிடைத்ததைச் சொல்ல நான் உன் வீட்டுக்கு வந்தபோது வட்டிலப்பம் செய்து வைத்திருந்தாய். "கடல நீ பாத்துக்க" என்றாய். அதில் குத்தல் இருந்ததா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

நோன்புக் கஞ்சி கைமாறியது, பிள்ளைகளின் உடுப்புகள் கைமாறின. அந்த வகுப்பில் நடந்ததைப் பற்றி மட்டும் நாம் ஒரு நாளும் கதைக்கவில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்த நேரம் கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாய்.

"நாளைக்கு ஒப்பரேஷன் புள்ள. ஏதும் பிழை கிழை செஞ்சிருந்தா மன்னிச்சு ஹலாலாக்கிக்க."

ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும் நோயில் கிடக்கிறவர்களும் எல்லோரிடமும் கேட்பதுதான். வாயில் வருகிற பதிலைச் சொன்னேன். "உனக்கிட்ட என்னடி பிழை. சும்மா கதையாத. துஆ செய்றன்."

நீ உடனே வைக்கவில்லை. பின்னால் யாரோ தாதியை அழைப்பது கேட்டது.

"நீ எனக்கிட்ட ஒண்டும் கேக்க இல்லியாகா?"

என் பிழையை நான் சொல்ல நீ கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாய். நான் உள்ளே வரவில்லை. "நீ வந்ததும் கதைப்பம்" என்றேன்.

"ஓம்கா. வந்து கதைப்பம்."

உன் ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்குமுன், மௌத்தானவர் ஏதும் பிழை விட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று உன் கணவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். உள்ளே பெண்களோடு இருந்த எனக்கும் கேட்டது. இறந்தவருக்காக இருப்பவர்களிடம் கேட்க நமக்கு ஒரு முறை இருக்கிறது. இருப்பவர் இறந்தவரிடம் கேட்க முறை என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மௌலவியிடம் கேட்டேன். அவருக்காகத் துஆ செய்யுங்கள், நன்மை செய்யுங்கள், வேறு வழியில்லை என்றார். செய்கிறேன். நெஞ்சு மட்டும் அடங்கவில்லை.

இன்று காலை தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். வடக்கு என்று எழுதியது யார் என்று கேட்டேன். ஒரு பிள்ளை எழுந்தாள். பின் வாங்கில் இரண்டு பேர் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த அவளுடைய கூட்டாளி குனிந்து எதையோ எழுதத் தொடங்கினாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்தேன்.

சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, என்னுடையதைச் சொன்னேன். நீரோட்டத்துக்கு இந்தக் கரையில் இரண்டு விதமாகப் பெயர் சொல்லும் வழக்கம் இருக்கிறது, புத்தகம் போகும் பக்கத்தைச் சொல்கிறது, தோணிக்காரர்கள் வரும் பக்கத்தைச் சொல்கிறார்கள், தாளில் புத்தகத்தின்படி எழுதுங்கள், ஆனால் மற்றதைப் பிழை என்று சிரிக்காதீர்கள், நான் ஒருமுறை சிரித்தேன் என்றேன். இரண்டு வசனம்தான் வேண்டியிருந்தது. பதினைந்து வருடம் பிந்தி, கேட்க வேண்டியவள் இல்லாத வகுப்பில் சொன்னேன். குனிந்திருந்த பிள்ளை நிமிர்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

அந்தத் தாளில் ஒரு கட்டம் கூட்டிவிட்டேன்: நீர் வந்த திசை. அடுத்த தொகுதிப் பிள்ளைகள் இரண்டையும் நிரப்புவார்கள்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. உன் தங்கையைக் கொண்டுபோன அந்தக் கடல் எங்கிருந்து வந்தது என்பதை ஒவ்வொரு வருடமும் ஏழாவது கிழமையில் நான் படம் கீறிப் படிப்பிக்கிறேன். எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்த உன் உம்மாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டிய பதில், உன்னிடமிருந்து அதை வாங்கிவிட்டு நான் வைத்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை எனக்கு வகுப்பில்லை. போய் அவருக்குப் பக்கத்தில் இருந்து, கிழக்கே சுமாத்திராப் பக்கம் கடலுக்கு அடியில் நிலம் அசைந்ததிலிருந்து தொடங்கி, அவர் போதும் என்கிற வரைக்கும் சொல்வேன். ஏன் இதை நான் வந்து சொல்கிறேன் என்பதையும் சொல்வேன்.

நாம் அல்லாஹ்வுக்குரியவர்கள், அவனிடமே மீள்கிறவர்கள் என்று நீ மௌத்தான செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மீள்கிறவர்களுக்கு வந்த பக்கமும் போகிற பக்கமும் ஒன்றுதான். அங்கே உன் தாளில் ஒரு பிழையும் இருக்காது.

வந்து கதைப்பம் என்றாய். நீ வரவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். உன் சட்டம் எனக்கு விளங்கியிருந்தது, புள்ள. விளங்கியும் சிரித்தேன். ஹலாலாக்கிக்க.