வாங்காமல் விட்ட பிள்ளை

பெரியநீலாவணை,
20.03.2025

அன்புள்ள யதுசாட அப்பாவுக்கு,

சுலக்சனா எழுதுகிறேன். நான் இருக்கிறேன். நீங்கள் சவளக்கடையில் கச்சிமுகம்மது காக்காவின் வயலைப் பார்த்துக்கொண்டு, வாடிக் குடிசையில் தனியே சமைத்துச் சாப்பிடுவதாக அவர் சொன்னார். மெலிந்துபோனீர்களாம். போன் எடுத்தால் இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்கிறது. அதனால் எழுதலாம் என்று நினைத்தேன். கிழமைக்கு ஒருமுறை வயலுக்கு வருகிற காக்காவே இதைக் கொண்டுவந்து தருவார்.

நான் வழமைபோல முன்பள்ளிக்குப் போய்வருகிறேன். இந்த வருஷம் இருபத்திரண்டு பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு நம் பிள்ளையின் பெயர், யதுசா. அவளைக் கூப்பிட வேண்டிய நேரம் மற்ற டீச்சரைக் கூப்பிடச் சொல்வேன்.

வைகாசியில் காரைதீவுக் கண்ணகை அம்மன் கோவில் குளிர்த்தித் திருவிழாவுக்குப் போக நினைத்திருக்கிறேன். போன வருஷம் பிள்ளை போய் ஆண்டு முடியாதபடியால் கோவில் வாசலை மிதிக்கவில்லை. இந்த முறை தடை இல்லை.

இரத்தத்தில் புற்றுநோய் என்று கொழும்பில் சொன்ன வருஷம் நாம் அவளை அம்மனுக்கு விற்றோமே. பெட்ரோல் கிடைக்காத நாட்கள். சைக்கிளில் வைத்து நீங்கள் மிதிக்க, நான் பின்னால் நடந்து வந்தேன். பூசாரியார் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு நமக்கு ஒரு பிடி மஞ்சள் அரிசி தந்தார். "சுகமானதும் வந்து ஒரு மரைக்கால் நெல்லக் குடுத்து வாங்கிக்கோங்க. அதுவரைக்கும் இவ அம்மாள்ட புள்ள" என்றார். நாம் வாங்கவில்லை. வாங்காமலே கொண்டுபோய்ப் புதைத்தோம்.

அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. கொடுத்த நேரம் இருவரும் நின்றோம். வாங்கவும் இருவரும் நிற்க வேண்டும். வாருங்கள்.

சுலக்சனா


சவளக்கடை,
02.04.2025

சுலக்சனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் வரமாட்டேன்.

கோவிலுக்குப் போய் யாரை வாங்கப்போகிறாய்? எல்லாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்புவார்கள். நாம் நெல்லைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு ரோட்டில் நடந்து வர வேண்டுமா? அதைப் பார்த்துச் சனம் உச்சுக்கொட்ட வேண்டுமா?

இங்கே வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். விதைப்பு வேலை. வயலை விட்டு அசைய முடியாது.

வெயில் கடுமை. முன்பள்ளிக்குக் குடை பிடித்துக்கொண்டு போ.

பவிதரன்


பெரியநீலாவணை,
16.04.2025

அன்புள்ள யதுசாட அப்பாவுக்கு,

வருஷம் பிறந்தது. ஆளுக்கு ஆள் பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

விதைப்பு என்று எழுதியிருந்தீர்கள். குளிர்த்தி விதைப்பு முடிந்துதான் வரும் என்று உங்களுக்கும் தெரியும். எனவே ஒரு கதையைக் கதைத்துவிடுகிறேன். ஒன்றரை வருஷமாக அது நெஞ்சில் கிடக்கிறது.

பிள்ளை போன எட்டாம் நாள் சடங்கில், பந்தலுக்குள் அவ்வளவு சனமும் இருக்க நீங்கள் என்னைக் காட்டிச் சொன்னீர்கள்: "இவள்தான் புள்ளய வாங்க விடல்ல. இவள்ட டொக்டர் கதையாலதான் புள்ள போன."

ஓம், அடுத்த வைகாசியில் வாங்கப் போக இருந்த நேரம் நான்தான் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டாம் என்றேன். இரத்தம் குறைவு, சனக்கூட்டத்துக்குள் கொண்டுபோனால் ஒரு சளித் தடிமன் போதும் என்று டொக்டர் சொன்னார். நான் தாய். கேட்டேன். இன்றைக்குச் சொன்னாலும் கேட்பேன். ஆனால் நெல்லை அளந்து பெட்டியில் போட்டு உங்களைத் தனியே அனுப்பினேனே! பிள்ளை இல்லாமல் வாங்க ஏலாது என்று பூசாரியார் சொல்லிவிட்டதாக நீங்கள்தானே அன்று திரும்பி வந்து சொன்னீர்கள்? அதற்கு மேல் நான் என்ன செய்ய?

இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன். ஆனாலும் பந்தலில் நீங்கள் சொன்னது பொய் என்று ஒரு நாளும் முழுதாக நம்ப முடிந்ததில்லை. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற நேரத்திலும் காதில் கேட்கிறது.

அம்மனுக்கு முன்னால் போய் நின்று, நான் வாங்க மறுக்கவில்லை என்று ஒருதரம் சொல்ல வேண்டும். நீங்களும் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

சுலக்சனா


சவளக்கடை,
04.05.2025

சுலா,

நாலு தரம் எழுதிக் கிழித்தேன். காக்கா வரம்பிலேயே மத்தியான ளுஹர் தொழுதுவிட்டு வந்து, "தம்பி, எழுதி முடிச்சாத் தாங்க. ஏலாட்டி வாயால செல்லுங்க, நான் போய்ச் செல்றன்" என்றார். "இது வாயால சொல்லக்கூடியது இல்ல காக்கா" என்றேன். அவர் மரநிழலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்த வைகாசியில் நான் கோவிலுக்குப் போகவில்லை. பூசாரியார் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நெல்லுப் பெட்டியோடு கல்முனைக் கடற்கரையில் மத்தியானம் வரைக்கும் இருந்துவிட்டு வந்தேன். பிள்ளை இல்லாமல் வாங்க ஏலாது என்பது நானாகச் சொன்ன கதை.

ஏன் என்று கேட்பாய். விற்ற நாளிலிருந்துதானே அவளுக்குச் சுகம் வந்தது. தலைமுடி முளைத்தது. சீப்பு வாங்கித் தரச் சொல்லி என்னிடம் சண்டை பிடித்தாள். நம் பிள்ளையாக இருந்த நேரம்தான் அந்த நோய் வந்தது. அம்மனின் பிள்ளையாகி விலகிப்போனது. திரும்ப வாங்கினால், திரும்ப நம் கைக்கு வந்தால், என் கையில் அவளைக் காப்பாற்ற என்ன இருக்கிறது? அம்மனிடமே இருக்கட்டும், எனக்குச் சீப்பு கேட்டுச் சண்டை பிடித்தால் போதும் என்று நினைத்தேன். நீ டொக்டர் கதையைச் சொன்னபோது வெளியில் கோபப்பட்டேன். உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதி தெரியுமா?

ஆவணியில் காய்ச்சல் வந்தது. நாலே நாள்.

எட்டாம் நாள் யாரோ ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "வித்த புள்ளய வாங்கினீங்களா மனே?" என்று கேட்டார். உன்னைக் காட்டிவிட்டேன். எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனேன் என்று ஊரில் நினைக்கிறார்கள். அந்தப் பார்வைக்கு முன்னால் இருக்க முடியாமல்தான் வந்தேன்.

உன்னில் ஒரு பிழையும் இல்லை. ஒரு பிழையும் இல்லை.

பவிதரன்


பெரியநீலாவணை,
19.05.2025

அன்புள்ள யதுசாட அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு மூன்று நாள் முன்பள்ளிக்குப் போகவில்லை. முதல் நாள் உங்களைச் சபித்தேன். அடுத்த நாள் ஒன்றும் நினைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அழுதேன். என்னை நினைத்துத்தான் அழுதேன். அதற்குப் பிறகு உங்களையும் நினைத்து.

பெட்டியோடு கடற்கரையில் இருந்த அந்த மனிதனை என்னால் பார்க்க முடிகிறது. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. நான் வாய் திறந்து சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு இருவரும் தனித்தனியே பயந்திருக்கிறோம்.

பந்தலில் சொன்னதை மறக்க எனக்கு நாள் எடுக்கும். மறக்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

நேற்றுக் கோவிலுக்குப் போய்ப் பூசாரியாரிடம் கேட்டேன். மோசம் போய் மண்ணுக்குள் கிடக்கிற பிள்ளையை வாங்கலாமா என்று கேட்கவே நாக்குக் கூசியது. அவர், "வாங்க வேணும் எண்டு தாய்க்கு இருந்தா வாங்கத்தானே வேணும். குளிர்த்திக்கு வாங்க புள்ள" என்றார்.

குளிர்த்தி அன்று விடியக் காலையில் நான் இங்கிருந்து நடந்து வருவேன். எட்டு மணிக்குக் கோவில் வாசலில் நில்லுங்கள். நீங்கள் நெல்லைக் கொடுங்கள், நான் ஏந்திக்கொள்கிறேன். பிறகு வீட்டுக்குப் போவோம். நம் வீட்டுக்குத்தான்.

சுலக்சனா


சவளக்கடை,
28.05.2025

அன்புள்ள சுலா,

வருவேன்.

காக்காவிடம் மூன்று நாள் லீவு கேட்டேன். "மூணு நாள் என்னத்துக்கு, வீட்டையே போய் இருங்க தம்பி. வயல நான் பாத்துக்குவன்" என்று சிரித்தார். அவரே தன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவாராம். வேட்டி தோய்த்துக் காயப்போட்டிருக்கிறேன். இங்கே வந்ததற்குப் பிறகு இன்றைக்குத்தான் தாடி எடுத்தேன். கண்ணாடியில் பார்க்க யாரோபோல இருக்கிறது.

போன போகத்தில் இந்த வயலில் விளைந்த நெல்லிலேயே அளந்து எடுத்துவைத்திருக்கிறேன். நீ சுமந்து வர வேண்டாம்.

யதுசாட அப்பா


பெரியநீலாவணை,
15.06.2025

பவிதரனுக்கு,

குளிர்த்தி முடிந்துவிட்டது. நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என்று நடந்து எட்டு மணிக்கு முன்னமே வாசலுக்கு வந்துவிட்டேன். நீங்கள் சுமக்க வேண்டாம் என்று எழுதியிருந்தும் ஏனோ நானும் ஒரு மரைக்கால் நெல் கொண்டுவந்திருந்தேன். எட்டு, ஒன்பது, பத்து. வெள்ளை வேட்டியோடு வந்த ஆண்களையெல்லாம் பார்த்தேன். பத்தரைக்குக் காக்கா வந்தார். தனியே. நெல்லுப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமோ கூடாதோ என்று தெரியாமல் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

"புள்ள, தம்பி உடுத்து வெளிக்கிட்டு எனக்குப் பின்னால ஏறி இருந்தார். மறுகா இறங்கிட்டார். 'காக்கா, அவள்ட முகத்த என்னால பாக்க ஏலாது. நெல்ல மட்டும் குடுத்திருங்க' எண்டார். நான் எவ்வளவோ செல்லிப் பாத்தன் புள்ள. கையப் புடிச்சிக்கூட இழுத்தன்."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. என்னை அறியாமல் நான்தான் அவரைத் தேற்றினேன்.

உங்கள் நெல்லை நான் வாங்கவில்லை. அவரிடமே கொடுத்தனுப்பிவிட்டேன். என் நெல்லைக் கொண்டு உள்ளே போனேன். தகப்பன் வரவில்லையா என்று பூசாரியார் கேட்டார். இல்லை என்றேன். அவர் நெல்லை வாங்கி அம்மனுக்கு முன்னால் வைத்துவிட்டு, ஒரு கமுகம்பாளையை எடுத்துவந்து, பிள்ளையைக் கிடத்துவதுபோல என் இரண்டு கைகளிலும் கிடத்தினார். "பேரச் சொல்லு புள்ள" என்றார். சொன்னேன். "தாய் வாங்கிட்டா. போதும்" என்றார்.

மூன்று மாதமாக, பிள்ளைக்காகத்தான் போகிறேன் என்று நினைத்திருந்தேன். பூசாரியார் அவளின் பெயரைக் கேட்கிற அந்த நேரத்திலும் நான் வாசலைத்தான் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, எதற்காக நடந்து வந்திருக்கிறேன் என்று.

நீங்கள் பொய் சொன்னதையும் பயந்ததையும் மன்னித்துவிட்டேன். பந்தலில் சொன்னதையும் மன்னித்திருப்பேன். வந்து நின்றிருந்தால் போதும், ஒன்றும் கதைத்திருக்கத் தேவையில்லை. என் முகத்தைப் பார்க்க முடியாத ஒருவரோடு நான் எப்படி ஒரு வீட்டில் இருப்பேன்?

இனிமேல் காக்காவிடம் கடிதம் கொடுத்துவிடாதீர்கள். நானும் கொடுக்க மாட்டேன்.

அன்று விடியக் காலையில் உங்களுக்கும் சேர்த்து அரிசி போட்டுச் சமைத்து மூடி வைத்துவிட்டுத்தான் நடந்தேன். திரும்பி வந்து, மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். தின்று முடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

சுலக்சனா