செர்காம் கடற்கரைக்குப் பெயர்ப் பட்டியல்

சுங்கை ரம்பாய்,
11-10-1953, ஞாயிறு.

ஜெயாவின் அப்பாவுக்குப் பெரியநாயகி பணிவோடு எழுதுவது. நானும் மகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். மன்னார்குடியில் நீங்களும் மூத்தார் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுமென்று காளியம்மனைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

கையெழுத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். நானேதான் எழுதுகிறேன். உங்களைக் கப்பலேற்றிய இந்த நான்கு வருஷமும் என் பேரில் வந்த கடிதங்களை எழுதியது ராமையா வாத்தியார். நான் சொல்வதைத்தான் எழுதுகிறாரா, தனக்குத் தோன்றியதை எழுதுகிறாரா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். "தங்கள் திருப்பாதங்களை" என்றெல்லாம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஜெயாவிடம் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டு, அவள் தையல் வகுப்புக்குப் போகும் நேரம் பார்த்து மூன்று நாளாக இதை எழுதுகிறேன். அவளுக்கும் தெரியக்கூடாத விஷயம் இது. வழியில் யாராவது பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். எனக்கு வேறு வழியில்லை.

போன மாதம் நம் பக்கத்தில் கம்யூனிஸ்ட் பயம் தீர்ந்தது என்று சொல்லி வெள்ளைப் பிரதேசமாக அறிவித்துவிட்டார்கள். ஊரடங்கு இல்லை. வேலி வாசலில் அரிசி ஒளித்திருக்கிறோமா என்று தூக்குச்சட்டியைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. அரிசியை எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாமாம். நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டு முத்தாயி செர்காமில் இருக்கும் தங்கைக்கு இரண்டு காட்டி எடை அரிசி கொண்டு போனாள். அவள் திரும்பி வரும்வரை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் பாட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு சாவகாசமாக வந்தாள்.

இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. தீபாவளியை ஒட்டி வரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் செர்காம் கடற்கரைத் தென்னந்தோப்பில் பாட்டாம். மேடை கிடையாது, மாலை மரியாதை கிடையாது. பாயை விரித்துக்கொள்ள வேண்டியது, பாட வருகிறவர் பாட வேண்டியது, மற்றவர்கள் படுத்துக்கொண்டே கேட்கலாமாம். பக்கத்துக் கம்போங் கிராமத்து மலாய்க்காரர்கள் ரெபானா மேளம் கொண்டுவந்து டொண்டாங் சாயாங் என்ற அவர்கள் பாட்டைப் பாடுவார்களாம். மலாக்கா டவுனிலிருந்து ஒரு பாபா சீனர் பிடிலோடு வருகிறாராம். இரண்டு நாளும் யாரும் பேச்சுப் பேசமாட்டார்கள் என்றார்கள். நம் ஆட்கள் நாலு பேர் கூடி, பேச்சில்லாமல் ஒரு விழா நடந்து நீங்கள் பார்த்ததுண்டா? அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

தோட்ட லயத்துப் பெண்களுக்குப் பூமியில் கால் பாவவில்லை. புளிச்சோறும் நெத்திலி சம்பலும் யார் யார் கட்டுவது, மழை வந்தால் கட்ட யார் வீட்டில் தார்ப்பாய் இருக்கிறது, பெண்கள் முத்தாயியின் தங்கை வீட்டில் எத்தனை பேர் படுக்கலாம் என்று தினம் ஒரு கூட்டம். லாரிக்கு ஏற்பாடு செய்வது காளிதாஸ் என்ற பையன். பாச்சாங்கில் சைக்கிள் கடையில் வேலை, மாண்டலின் வாசிப்பான். "சும்மா காத்து வாங்கிட்டு, பாட்டு கேட்டுட்டு வரதுதான் அத்தை, பயப்படாதீங்கலா" என்கிறான். சும்மா என்று சொல்கிறவனை நான் நம்புவதில்லை. ஜெயாவுக்கு மட்டும் லாரியில் முன் சீட்டு என்று அவன் சொன்னதும் சந்தேகம் இரண்டாகிவிட்டது. இதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் ஏற்பாடு யார் தெரியுமா? வீராசாமி அண்ணன். அந்தப் பையன் அவருடைய தங்கை மகன்தான். பெயரைப் படித்ததும் உங்களுக்கு எரியும். கோயிலில் வெள்ளிக்கிழமை பாடிய உங்கள் ஒன்பது பேரையும் பிடித்து, பாட்டு என்ற பேரில் தடை செய்த சங்கத்துக்குக் கூட்டம் நடத்தினீர்கள் என்று கேஸ் போட்டபோது, ஏழு பேரை ஒரு வாரத்தில் விட்டார்கள். வீராசாமி அண்ணனை ஆறு மாதத்தில் விட்டார்கள். உங்களை மட்டும் நாடு கடத்தினார்கள். பெயர்களைக் கொடுத்தது வீராசாமிதான் என்று லயம் முழுவதும் பேச்சு. அதை வாத்தியார் கையால் உங்களுக்கும் எழுதினேன். அதற்குப் பிறகு அவர் வீட்டு நல்லது கெட்டதற்கு யாரும் போகவில்லை. அவர் சம்சாரம் இறந்தபோது தூக்குவதற்கு நாலு பேர் கிடைக்காமல் டவுனிலிருந்து ஆள் கொண்டுவந்தார்.

போன வெள்ளிக்கிழமை அவரே நம் வீட்டு வாசலுக்கு வந்தார். நான்கு வருஷத்தில் முதல் தடவை. வெள்ளைப் பிரதேசம் ஆனாலும் கூட்டம் கூட லைசென்ஸ் வேண்டுமாம். பாடுகிறவர்களின் பெயர்ப் பட்டியலை இந்த மாதம் முப்பதாம் தேதி போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டுமாம். யாரும் பெயர் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். ஜெயா பெயரைக் கொடுத்தால் மற்றவர்களும் கொடுப்பார்கள் என்றார். அப்பாவைக் கொடுத்தது போதாதா, மகளையும் கொடுக்க வேண்டுமா என்று வாசலிலேயே கேட்டேன். முத்தாயி வெளியே வந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினார். பொறுப்பாளர் என்று போட்டு அவர் பெயர் ஒன்று மட்டும்தான் அதில் இருந்தது. "இந்தத் தடவை மொத பேரு என்னோடதா இருக்கட்டும் தங்கச்சி. ஏதாச்சும் வந்தா எனக்கு வரட்டும்" என்று மெதுவாக, முத்தாயி காதில் விழாதபடி சொன்னார். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்துகொண்டேன். அவருக்கு எல்லாம் தெரியும். உள்ளே இருந்த ஆறு மாதத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தே இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

இனி உங்களிடம் மறைக்க முடியாது. பெயர்களைக் கொடுத்தது நான்.

நீங்கள் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போயிருந்த ஒரு காலையில் சாதா சட்டை போட்ட தமிழ் ஆள் ஒருவர் வந்தார். எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. "திருவிழாவுக்கு லைசென்ஸ் வாங்கணும், பாடுறவங்க பேரு சொல்லும்மா" என்று மரியாதையாகக் கேட்டார். கோப்பி போட்டுக் கொடுத்து ஒன்பது பெயரையும் சொன்னேன். உங்கள் கோஷ்டிக்குத் தலைவர் யார் என்று கேட்டார். வீராசாமி அண்ணன்தான் தலைவர் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் "எங்க வீட்டுக்காரருதான்" என்று சொன்னேன். அவர் உங்கள் பெயரை மேலே எழுதிக் கீழே கோடு போட்டார். எனக்கு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது.

உங்களைப் பிடித்துக்கொண்டு போன பிறகுதான் அந்த ஆள் போலீஸ் என்று தெரிந்தது. யாராவது என்னைக் கேட்பதற்குள் நான் வீராசாமி பெயரைச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து யாரைக் கண்டாலும் எனக்குச் சந்தேகம். ஊருக்கு வரச்சொல்லி நீங்கள் ஆறு கடிதம் போட்டீர்கள். ஜெயா படிப்பு, ஜெயா தையல் என்று சாக்குச் சொன்னேன். உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் வரவில்லை.

வருகிற ஞாயிறு கோயிலில் எல்லாரையும் வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லப் போகிறேன். ஜெயா என்னை என்ன நினைப்பாள் என்று தெரியவில்லை. அடுத்தவர் வாயால் நீங்கள் கேட்கக் கூடாது என்றுதான் ஏர்மெயிலில் அனுப்புகிறேன்.

ஜெயா பெயரை நான் இன்னும் கொடுக்கவில்லை. உங்கள் குரல் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. பாட வேண்டும் என்று தவிக்கிறாள். ஆனால் இன்னொரு பெயரைப் போலீசுக்கு என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பதாம் தேதிக்கு முன், பாடட்டும் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வரி நீங்கள் எழுதுங்கள். அதன்படி செய்கிறேன். வீராசாமி அண்ணனுக்கும் ஒரு வரி எழுதுங்கள். என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அன்று உங்கள் பெயரை முதலில் சொன்னது பெருமையில்தான். நம்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள்
பெரியநாயகி