பூட்டிக் கிடந்த வீட்டில் ஓடிய ஃபேன்

இயேசு மரி சூசை

பெரியதாழை

பாசமுள்ள மகன் ரெக்சனுக்கு அம்மா எழுதுவது. மாதா காவலில் நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் பானுப்ரியாவும் பாப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அன்றாடம் செபமாலை சொல்லுகிறேன். போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான் எழுதி, படம் எடுத்து அனுப்பும்படி பக்கத்து வீட்டு விஜிலாவிடம் கொடுக்கிறேன். அப்பா ஏறாத வீடு எனக்கெதற்கு, விற்றுவிடுங்கள் என்று நீ சொன்னபடி நாசரேத் மகாராஜன் அண்ணாச்சியிடம் நான் விலை பேசி வைத்தது உண்மைதான், ஆனால் இதைப் படித்து முடிக்காமல் எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடாதே.

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை மக்கா. நம் தெருவுக்கு சோலார் கரண்ட் வந்ததிலிருந்து எந்த வீடு எவ்வளவு இழுக்கிறது என்று டேப்லெட்டில் பார்த்துத் தெருக் கமிட்டிக்குச் சொல்வது என் வேலைதானே. போன வாரம் மப்பும் மந்தாரமுமாய்க் கிடந்ததில் பேட்டரி விடியும்வரை நிற்கவில்லை, யார் அதிகம் இழுப்பது என்று வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்தால், பூட்டிக் கிடக்கிற உன் வீட்டில் தினமும் மத்தியானம் பன்னிரண்டுக்குக் கோடு எழும்பி இரண்டுக்கு விழுகிறது, சரியாக ஒரு ஃபேன் ஓடுகிற அளவு. மாதா படத்துக்குப் பின்னால் நான் வைத்த சாவியையும் காணோம். கள்ளப்பயல் எவனோ குடியிருக்கிறான் என்று கமிட்டியில் போய் நானே கத்தினேன், என் வாயை என்ன செய்ய. பேட்டரி ரூம் பார்க்கிற முத்துச்செல்வம் கம்பும் கையுமாய் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு என்னோடு வந்தான்.

கதவு உள்தாழ் போட்டிருந்தது. தட்டின தட்டில் வந்து திறந்தது யார் தெரியுமா, உன் அப்பா! நீ அவர் பேச்சை மீறிப் பானுவைக் கட்டின நாள்முதல் நாலு வருஷமாக, அவன் வீட்டில் என் சவங்கூட ஏறாது என்று சொல்லித் திரிகிற மனுஷன், பனியனும் மூக்குக்கண்ணாடியுமாய் நிற்கிறார், கையில் போன், போனுக்குள்ளே பானு, அவள் மடியில் பாப்பா. வலை பார்க்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆறு மாதமாக அங்கே இருந்து பேத்தியைக் கொஞ்சியிருக்கிறார், உன்னிடம் சொல்லக்கூடாது என்று பானுவிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறார். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். "மாமா, இங்கன என்ன செய்யுதிய?" என்று முத்துச்செல்வம் கேட்டதற்கு, "எம் மவன் வீட்டுல நான் ஃபேன் போட்டா ஒனக்கென்னலே?" என்று ஒரு அதட்டல். எம் மவன் என்று அந்த வாயிலிருந்து கேட்டு எத்தனை காலம். அழுகையும் வந்தது, என்னையும் சேர்த்து ஏமாற்றினாரே என்று ஆத்திரமும் வந்தது.

அதோடு முடியவில்லை. நேற்று மகாராஜன் அண்ணாச்சி அட்வான்ஸ் கொடுக்க வந்தார். நான் வாய் திறக்குமுன் அப்பா எழுந்து, "வீடு விக்கதுக்கு இல்ல அண்ணாச்சி, எம் மவன் கிறிஸ்மசுக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வாரான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நீ வருவதாக யார் சொன்னது? நான் சொல்லவில்லை, பானுவும் சொல்லவில்லையாம், கேட்டுவிட்டேன்.

பானுவைத் திட்டாதே, அந்தப் பிள்ளை செய்ததை நான்கூடச் செய்திருக்க மாட்டேன். பாப்பா நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை வரைந்து முத்தம் கொடு, ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் கைக்குள் வைத்துக் காப்பார். நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். லீவு இன்றைக்கே கேள். நாலு பேர் அறிய வாரான் என்று சொல்லிவிட்டார், அவரைப் பொய்யராக்கிவிடாதே மக்கா.

உன் அம்மா,
ஹில்டா சிலுவை