லாரி ஹேண்டிலும் உங்கள் பெருவிரலும்

மச்சான்,

உங்கள் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து தாராவியிலிருந்து கோவண்டிக்கு பஸ்ஸில் திரும்பியபோது, என் மடியில் பழைய கைலியில் சுற்றிய ஓர் இரும்பு இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து பிரித்ததும் மண்ணெண்ணெயும் பழைய ஆயிலும் கலந்த வாடை அறையில் எழுந்தது. முப்பது வருடத்துக்கு மேல் உங்கள் வீட்டுப் பரணில் கிடந்த இரும்பில் அந்த வாடை எப்படித் தங்கியது என்று எனக்கு விளங்கவில்லை. லாரியை முன்னால் நின்று சுற்றி ஸ்டார்ட் செய்யும், இரண்டு இடத்தில் மடங்கிய ஹேண்டில், நம் ஹேண்டில். "என்ன மாமா இது, திருடன அடிக்கவா?" என்று என் மருமகள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் பெரிய பொய்யாக இருந்திருக்காது.

எண்பதுகளின் நடுவில் மில் மூடி, நான் எட்டு மாதம் உங்கள் வீட்டில் சாப்பிட்டேன். கூடப் பிறந்த லாத்தாவின் வீடு, அக்காள் வீடு என்ற உரிமைதான். ஆனாலும் லாத்தா ஒன்றும் பேசாமல் சோற்றை வைத்துவிட்டுப் போவாள். அவள் திட்டியிருந்தால் நன்றாகச் சாப்பிட்டிருப்பேன்.

அப்போதுதான் டீக்கடையில் அந்த ஷூட்டிங் கம்பெனி ஆளைப் பார்த்தேன். வெள்ளைக்காரன் காலத்துக் கதை எடுக்கிறார்களாம், பழைய லாரி ஒன்று வேண்டுமாம், செம்பூரில் இருபது நாள் வேலையாம். என்னிடம் இருக்கிறது என்றேன். சலேகி க்யா என்றான். ஓடும் என்றேன். என் வாப்பாவின் லாரி வடாலாவில் உப்பளத்து ஓரத்தில் பதினோரு மழைக்காலம் அசையாமல் நின்றிருந்தது. அதன் மேல் ஆடு மேய்ந்து கொண்டிருந்தது என்று சொன்னால்கூட மிகையில்லை. எந்த வேலையையும் முடிந்தது என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் முடிக்கப் பார்ப்பது என் சுபாவம். உங்களுக்கு அது தெரியும். "உன் நாக்குக்கு பிரேக் புடிக்கணும் மாப்ள" என்று சொல்வீர்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுக்க கேரேஜில் டீசல் வண்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு ஒரு நாள் தூங்கவேண்டிய மனிதர், டூல் பெட்டியோடு என்னுடன் வந்தீர்கள். லாரியின் தரைப்பலகையைப் பிளந்துகொண்டு ஓர் அரசங்கன்று நின்றது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. நான்கு டயரும் மண்ணுக்குள் போயிருந்தன. நீங்கள் எதையும் பார்க்கவில்லை. நேரே முன்பக்கம் போய், ஹேண்டிலைச் செருகி, உடம்பின் பாரத்தை அதன் மேல் மெல்லச் சாய்த்தீர்கள். சுவரைத் தள்ளின மாதிரி இருந்தது.

"எஞ்சின் இறுகிப் புடிச்சிக்கிட்டு இருக்கு. சாவல," என்றீர்கள்.

நான்கு பிளக்கையும் கழற்றி, துளைகளில் மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றினீர்கள். அப்புறம் பதினைந்து நாள், தினமும் வேலை முடிந்து வடாலா வந்து, இன்னும் கொஞ்சம் ஊற்றி, ஹேண்டிலில் சாய்ந்து பார்ப்பீர்கள். அசையாது. பீடி ஒன்று குடித்துவிட்டு வீட்டுக்குப் போவீர்கள். நான் பொறுமை இழந்து சுத்தியலை எடுத்த அன்று என் கையிலிருந்து பிடுங்கிக் கொண்டீர்கள்.

"அடிச்சு எழுப்புனா ஒடஞ்சு எழும்பும். அதுவா முழிக்கட்டும்."

பதினாறாம் நாள் ஹேண்டில் ஒரு விரற்கடை நகர்ந்தது. நீங்கள் சத்தம் போடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. அது என் லாரி, என் வாய்ச்சவடால், என் பிழைப்பு. அந்தச் சந்தோஷம் மட்டும் முழுக்க உங்களுடையதாக இருந்தது.

பிறகு எல்லாம் வேகம் பிடித்தது. குர்லா பழைய சாமான் கடைகளில் டயர் தேடினோம். ஒழுகிய ரேடியேட்டரில் லாத்தாவின் அடுக்களையிலிருந்து எடுத்த மஞ்சள்தூளைக் கொட்டினீர்கள். கசிவு நின்றது. "எங்க போச்சு ஒரு டப்பா மஞ்சள்?" என்று அவள் கேட்டபோது நாம் இரண்டு பேரும் கூரையைப் பார்த்தோம். பெட்ரோல் டாங்கி துருப்பிடித்திருந்ததால், ஒரு பாட்டிலைக் கயிற்றில் கட்டி மேலே தொங்கவிட்டு, குழாய் வழியாக எஞ்சினுக்குக் கொடுத்தோம். ஆஸ்பத்திரி குளுக்கோஸ் மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன்.

ஸ்டார்ட் செய்ய நீங்கள் ஒரு வழிமுறை வைத்திருந்தீர்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இடப்பக்கம் சின்னக் கம்பி ஒன்று உண்டு. ஹேண்டில் சுற்றும்போது அது மேலே ஏறியிருக்கவேண்டும். எஞ்சின் பிடித்து ஓடத் தொடங்கியபின்தான் கீழே இறக்கவேண்டும். இறங்கிய நிலையிலேயே சுற்றினால் பிளக்கில் நெருப்பு முந்தி விழும், எஞ்சின் பின்பக்கமாகத் திரும்பி, ஹேண்டில் சுற்றுகிறவனையே அடிக்கும். அதனால் நீங்கள் முன்னால் குனிந்துகொண்டு, "ஏத்தியாச்சா?" என்று கேட்பீர்கள். கேபினில் இருக்கும் நான் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏத்தியாச்சு" என்று சொல்லவேண்டும். சொன்னபிறகுதான் சுற்றுவீர்கள். அதுவும் பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துத்தான் பிடிப்பீர்கள். "பெருவிரல மடக்குனவன் பெருவிரல மறந்துரணும்" என்று கேரேஜில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்வீர்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எஞ்சின் பிடித்தது. கரும்புகை, பிறகு வெண்புகை, பிறகு எதுவுமில்லாமல் சத்தம் மட்டும். நான் கம்பியை இறக்கினேன். பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். அணைத்தவன் கம்பியை மேலே ஏற்றி வைக்கவில்லை.

ஹேண்டிலின் பல் தேய்ந்திருக்கிறது, எஞ்சின் உதைத்தால் கழன்று கொடுக்காது, புதுப் பல் வெட்டித் தருகிறேன், இரண்டு நாள் பொறு என்றீர்கள். "நாளைக்கே அவன் பாக்க வாரான் மச்சான்" என்றேன். வரச்சொன்னவன் நான்தான். நீங்கள் ஹேண்டிலைத் துடைத்து வைத்தீர்கள்.

மறுநாள் ஷூட்டிங் ஆள் வந்தான். பக்கத்துத் தோல் கிடங்கிலிருந்து பத்துப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். முதல் ஓட்டம் என்பதால் பாத்திஹா ஓதி, நான் எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்தேன். ஷூட்டிங் ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நான் சர்க்கரைப் பொட்டலத்தோடு கேபினில் ஏறினேன். விரலெல்லாம் பிசுபிசுப்பு. ஜன்னல் வழியாக அவனுக்கு ஒரு பிடி நீட்டிக்கொண்டிருக்கும்போது உங்கள் குரல் கேட்டது.

"ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு" என்றேன். கம்பியைத் தொடவில்லை. பார்க்கவும் இல்லை. வாய் பழகிப்போய்ச் சொன்னது.

துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். நான் எட்டிப் பார்த்தபோது நீங்கள் தரையில் உட்கார்ந்து வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தீர்கள். கையிலிருந்து விடுபட்ட ஹேண்டில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து மணிக்கட்டில் அடித்திருந்தது. உங்கள் முகம் சாம்பல் பூத்திருந்தது. நான் குதித்து ஓடி வந்தேன். எனக்கு மட்டும் கேட்கும்படி நீங்கள் சொன்னது ஒரே ஒரு சொற்றொடர்.

"கம்பிய ஏத்து மாப்ள."

ஏற்றினேன். கூட்டத்தில் நின்ற ஒரு டிரைவரை அழைத்து, எப்படிப் பிடிக்கவேண்டும் என்று இடது கையால் காட்டிக்கொடுத்தீர்கள். வண்டி கிளம்பியது. ஷூட்டிங் ஆள் தலையாட்டினான். வண்டி உப்பளத்து ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு லாத்தா அலறிக்கொண்டு ஓடி வந்து, எப்படி ஆச்சு என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள். "பெருவிரல மடக்கிப் புடிச்சிட்டேன். எந் தப்புதான்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வை, பேசாதே என்று சொன்னதா, பேசு என்று சொன்னதா? எனக்கு வசதியான அர்த்தத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

எலும்பு கோணலாகக் கூடியது. ஸ்பேனரை இறுக்கிப் பிடிக்க முடியாத மெக்கானிக்கை எந்த கேரேஜ் வைத்திருக்கும்? ஒரு வருடத்துக்குள் டிராம்பே போகும் டேங்கர்களின் நம்பரை இடது கையால் எழுதும் கேட் வேலைக்குப் போனீர்கள். என் லாரியோ ஒரு ஷூட்டிங் முடிந்து அடுத்ததற்குப் போனது. நான் அந்த வாடகையிலே சாப்பிட்டேன், அதிலே கல்யாணம் செய்தேன். உடைந்தது கை மட்டும் என்றால்கூட மனதை எப்படியாவது சமாதானப்படுத்தியிருப்பேன். உங்கள் பெயரும் உடைந்தது. பெருநாளோ கல்யாணமோ, நாலு பேர் கூடினால் லாத்தா ஆரம்பித்துவிடுவாள். "ஊருக்கெல்லாம் பெருவிரல மடக்காதன்னு சொன்ன மனுசன், தான் மடக்கிட்டு வந்து நின்னாரு." எல்லாரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன் மச்சான். மற்றதைவிட அதுதான் எனக்குக் கூசுகிறது.

படம் வந்ததும் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். நம் லாரி திரையில் ஒரு நொடி வந்து போனது. உங்கள் முகம் சுருங்கியது. "அது நம்ம சத்தமில்ல மாப்ள. ஏதோ டீசல் வண்டிச் சத்தத்தப் போட்டுட்டான்." பஸ் ஸ்டாப் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தீர்கள். அங்கேதான் நான் தொடங்கினேன். "மச்சான், அன்னைக்கு அந்தக் கம்பி..."

"பஸ் வருது பாரு," என்றீர்கள். பஸ் வரவில்லை. அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீங்கள்தான் தடுத்தீர்கள் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நாற்பதாம் நாள் சாப்பாட்டில் உங்கள் பேரப்பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததென்று ஹேண்டிலை இறக்கி வைத்திருந்தார்கள். சின்னவன், அது என்ன என்று கேட்டான். லாத்தா தொடங்கினாள், அதே வாக்கியம். ஆனால் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கவேண்டிய முதல் ஆள் இல்லையே. அந்த அமைதியில் என்னால் உட்கார முடியவில்லை.

"மச்சான் மடக்கல. கம்பிய ஏத்தியாச்சுன்னு நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

லாத்தா என் தட்டில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். வைத்து முடித்தாள்.

"தெரியும்," என்றாள். "அந்தக் கைக்கு முப்பது வருசமா எண்ண தேச்சவ நான். பெருவிரல்ல ஒரு கீறல் கெடையாது. மடக்கியிருந்தா மொதல்ல அதுதான ஒடியும்?"

"அப்ப ஏன் எல்லார் முன்னாடியும் அவர அப்படிச் சொன்ன?"

"எல்லார் முன்னாடியுமா? நீ இல்லாத எடத்துல ஒரு தடவையாவது சொல்லியிருக்கேனா, கேட்டுப் பாரு. ஒம் மூஞ்சியப் பாத்துத்தாம்ல சொன்னேன். இந்தத் தடவையாவது வாயத் தொறப்பான், அவரு பேரு அவருகிட்ட திரும்பும்னு. அவருக்கும் அது தெரியும். அவன விடு, அவனா சொல்லட்டும்னாரு."

கைலியில் சுற்றி அவள்தான் ஹேண்டிலை என் கையில் கொடுத்தாள். கோபமாக இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

நேற்று அதைத் துடைத்து எண்ணெய் போட்டேன். பிடித்துப் பார்த்தேன், பெருவிரலை மடக்காமல். எதையாவது முடிந்தது என்று சொல்லப்போகும்போதெல்லாம் உங்கள் குரல் கேட்கிறது, நான் கம்பியைத் தேடுகிறேன். பதினாறு நாள் ஓர் எஞ்சின் தானாக முழிக்கட்டும் என்று காத்திருந்த மனிதர், எனக்காக முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்திருக்கிறீர்கள். நான் முழித்தேன் மச்சான். நாற்பது நாள் பிந்திவிட்டேன்.