வரப்புக்குள் புதைத்த வயர்

பூதலூர்
14.10.2024

அன்பு மகன் கிளாட்சனுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், நீயும் மருமகள் ஃபெபியும் கனடாவில் சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன. போனில் பேசுகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். நம் வயலில் வேலை பார்க்கும் ரெத்தினம் போன செவ்வாய்க்கிழமை கரண்ட் அடித்துச் செத்துப்போனான். ஈஸ்டருக்கு வந்தபோது வயலோரத்தில் மாதா சிலை இருக்கிற கெபிக்கு லைட் போடவேண்டும் என்று வீட்டிலிருந்து இழுத்தாயே, அந்த வயர்தான். இரண்டரை அடி தோண்டி, குழாய்க்குள் விட்டு, மேலே மணல் கொட்டிச் செங்கல் அடுக்கணும் என்று எலக்ட்ரீஷியன் அண்ணாதுரை தலைப்பாடாக அடித்துக்கொண்டான். இன்ஜினீயருக்கே பாடம் எடுக்கிறாயா என்று அவனை விரட்டினாய். வயலில் தண்ணீர் நிற்கும், வரப்புதான் மேடு என்று ஒரு சாண் ஆழத்தில் வெறும் வயரைப் புதைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டாய். அட மடையா, வருஷா வருஷம் நடவுக்கு முன்னால் மண்வெட்டியால் வரப்பைச் செதுக்குவோமே, அதுகூடவா மறந்துபோச்சு, இந்த வயல் சோற்றைத்தானே தின்று வளர்ந்தாய். கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற டிரிப்பரும் நீ வைக்கவில்லை. ரெத்தினம் சேற்றில் நின்று வரப்பை வெட்டினான், மூன்றாவது வெட்டில் முடிந்துவிட்டது. அங்கே வயர் கிடக்கிறது என்று அன்று காலை நானும் அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

போலீஸ் வந்து புதைத்தது யார் என்று கேட்டது. உன் பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், உன் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். ரெத்தினம்தான் புதைத்தான், ஆழமாகப் போடச் சொல்லியும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். செத்தவன் எழுந்து வந்து இல்லையென்று சொல்லப்போகிறானா. அண்ணாதுரை வாயையும் அடைத்தாயிற்று. ரெத்தினத்தின் பெண்டாட்டி கண்ணாத்தாள் ஈஸ்டர் சமயத்தில் திருத்துறைப்பூண்டியில் மகள் வீட்டில் இருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நேற்று வாசலில் வந்து நின்றாள், சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எங்க ஆளு பண்ணுன தப்புக்கு ஒங்க வீட்டுக்குப் போலீசு வர்றாப்புல ஆயிடுச்சு, மன்னிச்சுக்குங்க ஐயா, அவருக்குப் பதிலா நான் வேலைக்கு வந்துர்றேன் என்று கும்பிட்டாள். சரி, மன்னித்தேன், போ என்று சொல்லி அனுப்பினேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, உனக்கும் இறங்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வராதே, வந்தால் எதையாவது உளறுவாய். மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். ஃபெபி கண்ணில் படுவதற்குள் இதைக் கிழித்துப் போடு.

உன்னைப் பெற்ற பாவத்துக்கு,
அப்பா அடைக்கலராஜ்